முதலையின் பின்னால் போன ஆறு

மொட்டைவால் முதலையைக் கயிற்றால் கட்டி லாரியில் ஏற்றிக்கொண்டு போன அன்று, பிள்ளையாறும் எழுந்து அதன் பின்னாலேயே போய்விட்டது. கொளஞ்சியைத் தவிர படுகைமேட்டில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள். லாரி உறுமிக் கிளம்பியதும் படித்துறையில் தண்ணீர் ஒருமுறை குலுங்கியது. பிறகு கரையேறி, விற்றுவிட்ட பசுவின் பின்னால் போகும் கன்றுக்குட்டி மாதிரி, சத்தமில்லாமல், அவசரமில்லாமல், தார்ச்சாலையின் அகலத்துக்குத் தன்னை ஒடுக்கிக்கொண்டு நடந்தது. லாரி வளைந்த இடத்தில் அதுவும் வளைந்தது. ரயில்வே கேட் மூடியிருந்தபோது லாரியோடு நின்றது, ரயில் போனதும் லாரியோடு கிளம்பியது. எதிரில் வந்த பேருந்தை ஓட்டுநர் ஓரங்கட்டி நிறுத்தினார், சாலையைக் கடக்க நின்ற பெண்கள் புடவையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடந்து போனார்கள், கெண்டையும் விராலும் தண்ணீரோடு தண்ணீராகப் போயின, ஒரு மீன்கூட வழியில் சிதறவில்லை. பொழுது சாய்வதற்குள் அது, பிடிபட்ட முதலைகளை விடுவதற்கென்று வேலி போட்டு வைத்திருந்த கோரையேரிக்குப் போய்ச் சேர்ந்து, உள்ளே இறங்கி, மொட்டைவாலைச் சுற்றிப் படுத்துக்கொண்டது.

கொளஞ்சி அப்போது வீட்டுக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதலையைக் கொண்டுபோக வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். கொண்டுபோகிறார்கள் என்று பிள்ளைகள் ஓடிவந்து சொன்னபோது அவளுக்கு எழுந்துபோய்ப் பார்க்கத் தோன்றவில்லை.

பிள்ளையாறு என்பது கொள்ளிடத்திலிருந்து பிரிந்து, படுகைமேட்டை உரசிக்கொண்டு கடலுக்குப் போகிற சின்ன ஆறு. பெரிய ஆறு பெற்ற பிள்ளை என்பதால் அந்தப் பேர். அதன் எதிர்க்கரையில் நாணல் மேட்டில் வாலின் நுனி இல்லாத அந்தப் பெண் முதலை வெயில் காயும், இந்தக் கரையில் ஊர் குளிக்கும், துவைக்கும், மாடு கழுவும். அவ்வப்போது ஓர் ஆடு போகும், ஒரு நாய் போகும். போனதற்கு இரண்டு நாள் திட்டுவார்கள், மூன்றாம் நாள் மறுபடி இறங்குவார்கள். அந்த முதலையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய நாகர்கோவில் பக்கத்திலிருந்து ரெஜினா என்ற பெண் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஊராட்சித் தலைவர் சிவக்கொழுந்து வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தாள், சாப்பாடு கொளஞ்சியின் வீட்டில். கொளஞ்சியின் கணவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டவன். வீட்டில் அவளும் மகள் செவ்வந்தியும்தான். மூன்றாவது தட்டாக ரெஜினாவின் தட்டு சேர்ந்தது.

ரெஜினாவுக்கு ஆற்றில் இருந்த ஒவ்வொரு முதலையையும் முதுகுச் செதில்களை வைத்தே தெரியும். சாப்பிடும்போதெல்லாம் சொல்வாள். வெயில் இறங்கினதுக்கப்புறம் தண்ணியில கால் வைக்காதீங்க அக்கா, அது தினமும் பார்க்கும், யாரு எந்த நேரத்துக்கு எங்க வர்றாங்கன்னு அதுக்குத் தெரியும் என்பாள். படித்துறையில் தண்ணீருக்குள் இரும்புக் கம்பி வலையால் வேலி கட்டி, அதற்குள் மட்டும் ஜனங்கள் குளிக்கிற மாதிரி செய்ய வேண்டும், தெருவுக்கு ஒரு குழாய் வேண்டும் என்று வனத்துறை அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டது அங்கே போனது, திரும்பி வரவில்லை.

செவ்வந்தி சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். கடையில் கொடுத்த சீருடைப் புடவை ஒன்றே ஒன்று. நாள் முழுக்க நின்று வியர்த்து, பேருந்தில் கசங்கி வந்ததும் அதை அவிழ்த்துப் பாவாடை தாவணிக்கு மாறி, இருட்டுவதற்குள் ஆற்றில் அலசிப் போட்டால்தான் காலையில் காய்ந்திருக்கும். அப்படித்தான் ஒரு பங்குனி மாதத்து அந்தியில் அவள் புடவையோடு படித்துறைக்குப் போனாள். பக்கத்துக் கல்லில் துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை சொன்னார்கள், சத்தமே இல்லை, ஒரு அலறல் இல்லை, திரும்பிப் பார்த்தால் புடவை இருந்தது, பெண் இல்லை என்று. கல்லின் மேல் சோப்பு நுரை அப்படியே வெடித்து அடங்கிக்கொண்டிருந்தது.

படகு போட்டுத் தேடினார்கள். வலை போட்டுத் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கொளஞ்சி அந்த ஈரப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு போய்ச் சிதம்பரம் சாலையின் நடுவில் உட்கார்ந்தாள். ஊர் அவளைச் சுற்றி உட்கார்ந்தது. பேருந்துகள் நின்றன, பால் வண்டி நின்றது, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்த கார் நின்றது. கடைசியில் அதிகாரிகள் வந்தார்கள்.

பள்ளிக்கூட வகுப்பறையில் முதலை மேலாண்மைக் குழு கூடியது. குழுவின் தலைவராக வந்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ரெஜினாவைக் கேட்டார்.

"மேடம், நீங்கதான் நிபுணர். பொண்ணப் புடிச்சது இந்த மொட்டைவால்தானா?"

ரெஜினா தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆற்றில் இன்னும் நாலைந்து முதலைகள் இருந்தன. அவளுடைய வேலையே அந்த முதலையைப் பார்ப்பதுதான், அது போனால் மூன்று வருடமும் போச்சு. ஆனால் படித்துறைப் பக்கம் வருவது அது ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். அவள் கொளஞ்சியைப் பார்த்தாள், பிறகு மேசையைப் பார்த்தாள்.

"ஆமா சார். அதுதான்."

வகுப்பறையில் இருந்தவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"ஆனா சார், இதைக் கொண்டுபோறதால ஒரு பிரயோஜனமும் இல்லை. இது காலியாப் போட்ட இடத்துக்கு வேற ஒண்ணு வரும். அதுக்கு இந்த ஊரு தெரியாது, இந்த ஊருக்கு அதைத் தெரியாது. இன்னும் மோசமாத்தான் ஆகும். படித்துறையில வேலி போடுங்க, தெருவுக்குக் குழாய் குடுங்க. அந்தப் பொண்ணு அந்த நேரத்துக்குத் தண்ணிக்குப் போகவேண்டியிருந்துச்சே சார், அதை முதல்ல..."

"மேடம், உங்கள ஒரு கேள்விதான் கேட்டோம்," என்றார் அதிகாரி. "பதில் சொல்லிட்டீங்க. அறிவியல் ஆலோசனை வாங்கியாச்சு."

வெளியே வேப்பமரத்தடியில் லாரி ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கயிறும் சாக்கும் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. எதற்காகத் தன்னைக் கூப்பிட்டார்கள் என்பது ரெஜினாவுக்கு அப்போதுதான் புரிந்தது.

வாசலில் கொளஞ்சி அவளை மறித்தாள்.

"என் வூட்டுச் சோத்தத் தின்னவ நீ. அதுக்குப் பரிஞ்சு பேசுற."

"அதுக்காகப் பேசலக்கா. அடுத்த பொண்ணுக்காகப் பேசுறேன்."

"எனக்கு அடுத்த பொண்ணு கெடையாது," என்றாள் கொளஞ்சி.

அன்றிலிருந்து ரெஜினா பேருந்து நிறுத்தத்துக் கடையில் சாப்பிட்டாள்.

ஆறு போன பிறகு ஊர் முதலில் அதைச் செய்தியாகப் பேசியது, பிறகு செலவாகப் பேசியது, பிறகு பழகிக்கொண்டது. ஆற்றின் படுகை அகலமான மணல் வீதியாகக் கிடந்தது. தண்ணீரையும் அதில் இருந்த உயிர்களையும் தவிர அது வைத்திருந்த எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போயிருந்தது. ஜனங்கள் குனிந்தபடி அதில் நடந்தார்கள். கல்யாணமான வாரத்தில் தொலைத்த மூக்குத்தி பேரன் எடுத்த பிறகு கிடைத்தது. யாரோ ஒருவருடைய வெண்கலக் குடம் கிடைத்து, இரண்டு வீட்டுக்காரர்கள் அதற்குச் சண்டை போட்டார்கள். தன் சைக்கிளைத் தம்பிதான் திருடி விற்றுவிட்டான் என்று அவனோடு பேச்சை நிறுத்தியிருந்த பெரியவர் ஒருவர், அந்தச் சைக்கிள் மணலுக்குள் கைப்பிடியை நீட்டிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தார். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு போய், தம்பி செத்து வெகுகாலமான வீட்டின் வாசலில் சாத்திவைத்துவிட்டுத் திரும்பினார்.

பிறகு மணல் லாரிகள் வந்தன. அவற்றுக்குப் பின்னால், ஆறு காலி செய்துவிட்டுப் போன வழியைக் கண்டுபிடித்துக் கடல் வந்தது. ஓதம் ஏறும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்து, படித்துறையின் கடைசிக் கல்லை நக்கிவிட்டுத் திரும்பியது. கிணறுகள் உப்பாயின. நாற்றங்கால் செம்பட்டையடித்தது. கறவை மாடுகள் தொட்டியில் வாயை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டு நின்றன.

படுகைமேட்டுப் பெண்கள் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறிக் கோரையேரிக்குப் போய், அங்கே தங்கள் ஆற்றில் துவைத்துவிட்டு வந்தார்கள். நடத்துநர் மூட்டைக்கு டிக்கெட் கேட்பதில்லை. ஏரிக்கரையில் அதற்குள் டீக்கடைகள் முளைத்திருந்தன. அந்த ஊர்க்காரர்கள் "எங்க ஆறு" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். ஆனாலும் படுகைமேட்டுப் பெண்கள் பேருந்தைவிட்டு இறங்கி வரும்போது தண்ணீர் அவர்கள் குரலைக் கேட்டு வேலி வரைக்கும் வந்து நிற்கும். அதைப் பார்த்து சில பெண்கள் அழுதார்கள். முதலை உள்ளே ஒரு மேட்டில் வாயை மூடிக் கிடந்தது, இரை எடுக்கவில்லை என்று காவலாளி சொன்னார்.

கொளஞ்சி பேருந்து ஏறவில்லை. அவள் தினமும் படுகையில் இறங்கினாள். மற்றவர்கள் மூக்குத்தியும் குடமும் தேடிய மணலில் அவள் மகளைத் தேடினாள். கையால் அளைந்தாள், சல்லடையால் சலித்தாள், லாரிக்காரர்கள் தோண்டிய பள்ளத்தில் அவர்களுக்கு முன்னால் இறங்கிப் பார்த்தாள். அவர்கள் அவள் பார்த்து முடிக்கும்வரை எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள். எல்லாரும் அவளுக்கு ஏதாவது சொன்னார்கள். ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதும்மா, நிமிஷத்துல முடிஞ்சிருக்கும் என்றார்கள். புண்ணியவதி, கன்னியாத்தா சாமி மாதிரி போயிட்டா என்றார்கள். அவள் தலையாட்டிவிட்டு மணலைச் சலித்தாள்.

சலித்துச் சலித்துக் கழிமுகம் வரைக்கும் போன பிறகு, ஒருநாள் காலை, அவள் ரெஜினாவின் அறை வாசலில் வந்து நின்றாள். பேச்சு நின்றுபோன பிறகு அதுதான் முதல் தடவை.

"அதோட வூடு எங்க?" என்று கேட்டாள்.

ரெஜினா செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் நடந்தாள். எதிர்க்கரையில், நாணல் மேட்டுக்குக் கீழே, ஆறு இருந்தபோது தண்ணீருக்குள் மறைந்திருந்த வாய் ஒன்று இப்போது வெளியே தெரிந்தது. முதலை கரையைக் குடைந்து வைத்திருந்த வங்கு. ஆள் தவழ்ந்து போகலாம். ரெஜினா முன்னால் போனாள், கொளஞ்சி அவள் பாதத்தைத் தொட்டுக்கொண்டே பின்னால் போனாள். உள்ளே சேறு உலர்ந்து வெடித்திருந்தது. ஆட்டுக் கொம்பு கிடந்தது, ஒரு நாயின் கழுத்துச் சங்கிலி கிடந்தது. அவற்றுக்குப் பக்கத்தில் இருந்ததை ரெஜினா கைவிளக்கின் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, விளக்கைச் சட்டென்று வேறு பக்கம் திருப்பினாள்.

"காட்டு," என்றாள் கொளஞ்சி.

அது தாடையின் ஒரு பகுதி. முன்வரிசையில் ஒரு பல்லின் மேல் இன்னொரு பல் ஏறியிருந்தது. சிரிக்கும்போதெல்லாம் செவ்வந்தி கையால் மறைத்துக்கொள்வாளே, அந்தத் தெற்றுப்பல். பணம் சேர்த்து அதைச் சரி பண்ணிக்கொள்ள வேண்டும் என்பாள். அதான் உனக்கு லட்சணம், உடாதே என்பாள் கொளஞ்சி. இப்போது அதைச் சேலைத் தலைப்பில் குழந்தையை வாங்குவது போல வாங்கிக்கொண்டாள். இன்னும் சில எலும்புகள் இருந்தன. ரெஜினா அவை ஒவ்வொன்றையும் எடுத்து, இது அவளுடையது, இது ஆட்டுடையது என்று பிரித்துக் கொடுத்தாள். மூன்று வருடம் எதைப் படித்து எதைப் பழகினாளோ அது அத்தனையும் அந்தக் குகைக்குள் அதற்குத்தான் பயன்பட்டது.  ஒரு எலும்பைக்கூட மாற்றிக் கொடுக்கவில்லை.

எரித்தார்கள். எரிப்பதற்கு இருந்ததே கொஞ்சம், அதிலிருந்து வந்த சாம்பல் அதைவிடக் கொஞ்சம். புதுக் கலயத்தில் போட்டு மஞ்சள் துணியால் வாய் கட்டிக் கொடுத்தபோதுதான், கரைப்பதற்கு ஆறு இல்லை என்பது எல்லாருக்கும் உறைத்தது.

"பெரிய ஆத்துக்குப் போயிடலாம்மா," என்றார் சிவக்கொழுந்து. "இல்லாட்டி கடல் இருக்குது. நானே வண்டி எடுத்தாறேன்."

"அவ சிதம்பரத்தத் தாண்டிப் போனவ இல்ல," என்றாள் கொளஞ்சி. "பெரிய ஆத்துல உட்டா அவளுக்கு வழி தெரியாது."

அவள் கலயத்தை எடுத்துக்கொண்டு முதல் தடவையாகக் கோரையேரிப் பேருந்தில் ஏறினாள். ரெஜினா கூடவே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொளஞ்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏரிக்கரையில் இறங்கியதும் தண்ணீர் வேலிக்கு ஓடி வந்தது. மற்றப் பெண்களுக்கு வந்ததைவிட வேகமாக வந்தது. வந்து, வேலிக் கம்பிகளுக்குள் நுழைந்து, அவள் கால்விரல்களை நனைத்துவிட்டுப் பின்வாங்கி, மறுபடி வந்தது. கொளஞ்சி குனிந்து பார்த்தாள். அது படித்துறைத் தண்ணீர்தான். அதே பாசி வாசம்.

வேலிக்கு அந்தப் பக்கம் முதலை கிடந்தது. கொளஞ்சி அதைக் கிட்டத்தில் பார்ப்பது அதுதான் முதல் முறை. இத்தனை வருடம் எதிர்க்கரையில் ஒரு மரக்கட்டையாகத்தான் அதைப் பார்த்திருந்தாள். விலா எலும்பு தெரிய இளைத்திருந்தது. கயிறு அறுத்த இடம் புண்ணாகி ஈ மொய்த்தது. பார்த்தால் நெஞ்சு ஆறும், அல்லது எரியும் என்று நினைத்து வந்தாள். இரண்டும் நடக்கவில்லை. அது கண்ணை மூடவில்லை, அவளும் மூடவில்லை. 

"இங்க கரைக்கப் போறீங்களாக்கா?" என்று ரெஜினா மெதுவாகக் கேட்டாள்.

"இங்க கரைச்சா அவ வேத்தூர்ல இருப்பா," என்றாள் கொளஞ்சி. "இதுங்க ரெண்டயும் கூட்டிட்டுப் போவணும்."

அந்த வாரமே குழு மறுபடி பள்ளிக்கூடத்தில் கூடியது. அதிகாரிகள் ஆற்றைப் பற்றிய அறிக்கையோடு வந்திருந்தார்கள். மேலே மழை இல்லாததால் நீர்வரத்துக் குறைந்துவிட்டது என்று அதில் இருந்தது. பெரிய ஆற்றில் தண்ணீர் தளும்பிக்கொண்டுதான் இருந்தது, பிள்ளையாறு பிரிகிற இடத்தில் மட்டும் அது உள்ளே நுழைய மாட்டேன் என்று திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"மேடம், ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும்," என்றார் அதிகாரி. "முதலைக்கும் ஆத்துக்கும் சம்பந்தம் இல்லைன்னு. ஜனங்க கண்டதையும் பேசுறாங்க."

"சம்பந்தம் இருக்கு சார். லாரி பின்னால போனதை நான் பார்த்தேன். நீங்களும் பார்த்தீங்க. முன்னால போன ஜீப்பில நீங்கதான் இருந்தீங்க."

"சரி, ஏன் போச்சு? சொல்லுங்க."

"தெரியாது."

"தெரியாததை எப்படி எழுதுவீங்க?"

"போனதைப் போச்சுன்னு எழுதுவேன். ஏன்னு தெரியாததைத் தெரியாதுன்னு எழுதுவேன். இல்லைன்னு எழுத மாட்டேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கோபமாகப் பேசவில்லை, வருத்தமாகத்தான் பேசினார். "நீங்க ஒரு விஞ்ஞானி மேடம். நாலு பேர் கேட்டா என்ன நினைப்பாங்க?" ரெஜினாவுக்கு அந்த ஆற்றில் வேலை பார்க்கக் கொடுத்திருந்த அனுமதி அந்த மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்க இயலாது என்று அவர் அப்போதே அவளிடம் சொல்லிவிட்டார்.

கொளஞ்சி கலயத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தது அப்போதுதான். மேசைக்கு முன்னால் நின்றாள்.

"அதக் கொண்டாந்து உடுங்க," என்றாள்.

அதிகாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை. "நீங்கதானம்மா கொண்டுபோகச் சொல்லி ரோட்ல உக்காந்தீங்க? உங்க பொண்ணக் கொன்னது அது."

"ஆமா. அதுதான் கொன்னுது. இந்தப் பொண்ணும் சொல்லுது, என் கண்ணாலயும் பாத்துட்டு வந்துட்டேன். அது வராம ஆறு வராது. ஆறு வராம எம் பொண்ணு போவ மாட்டா. கொண்டாந்து உடுங்க." பிறகு போகத் திரும்பியவள் நின்று, ரெஜினாவைக் கையால் காட்டினாள். "அதுக்கு முன்ன இது கேட்ட வேலியும் கொழாயும் போட்டுக் குடுங்க. எம் பொண்ணுக்குத்தான் இல்லாமப் போச்சு."

அவள் பின்னால் ஊர் நின்றது. இன்னொரு முறை சாலையில் உட்கார்ந்தால் என்னாகும் என்று அதிகாரிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். மறுநாளே உத்தரவு வந்தது. மூன்று வருடம் ரெஜினா எண்ணி, அளந்து, படமெடுத்து, எழுதிக் கேட்டும் நடக்காதது ஒரு தாய் கலயத்தோடு வந்து நின்றதில் நடந்தது. ரெஜினாவுக்கு அதில் சந்தோஷப்படுவதா என்று தெரியவில்லை. முதல் முறை தப்பான முடிவை எடுக்க வைத்ததும் இதே துக்கம்தான் என்று அவளுக்குத் தோன்றியது. கொளஞ்சி இன்னும் அழவே இல்லை என்பதை அவள் ஒருத்திதான் கவனித்திருந்தாள்.

வறண்ட படுகையில் வெல்டிங்காரர்கள் இறங்கிப் படித்துறையைச் சுற்றிக் கம்பி வலை நட்டார்கள். தெருவில் குழாய் வந்தது. அனுமதி முடிந்த பிறகும், முதலையின் கட்டை அவிழ்க்கத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லாததால் ரெஜினாவை அதுவரை இருக்கச் சொன்னார்கள்.

ஆவணியில் ஒருநாள் மொட்டைவாலைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். கொளஞ்சி லாரியில் ஏறவில்லை. கோரையேரியிலிருந்து கலயத்தோடு நடந்தே வந்தாள். முன்னால் லாரி, பின்னால் அவள், அவளுக்குப் பின்னால் ஆறு. லாரி அவளுக்காக மெதுவாகப் போனது. ஆறும் அவள் குதிகாலை மிதிக்காமல், ஓரடி தள்ளியே வந்தது. சாலையோரத்து ஊர்களில் ஜனங்கள் வாசலில் வந்து நின்று பார்த்தார்கள். கோரையேரிக்காரர்கள் எல்லை வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டுத் திரும்பினார்கள். படுகைமேட்டுக்கு வந்து சேரும்போது வெயில் இறங்கியிருந்தது.

ரெஜினா நாணல் மேட்டில் மண்டியிட்டு முதலையின் வாய்க்கட்டை அவிழ்த்து, கால்கட்டை அவிழ்த்து, கண்ணில் கட்டியிருந்த சாக்கை உருவிக்கொண்டு பின்னால் குதித்தாள். அது கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது. பிறகு வயிற்றை இழுத்துக்கொண்டு காய்ந்த சரிவில் இறங்கியது. அது இறங்க இறங்க ஆறு கரைமேலிருந்து படுகைக்குள் சரிந்து, களைத்துப்போன ஆள் பாயில் படுப்பது போல நீட்டி நிமிர்ந்து படுத்தது. முதலை மறைந்தது. ஊர் ஓவென்று சத்தம் போட்டது. பெண்கள் வேலிக்குள் இறங்கி முகத்தைக் கழுவினார்கள், ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை அள்ளி அடித்துக்கொண்டார்கள்.

கொளஞ்சி வேலிக்குள் இறங்கவில்லை. வேலிக்குள் கரைத்தால் சாம்பல் கம்பியிலேயே தங்கிவிடும் என்று நினைத்தாளோ என்னவோ, யாரிடமும் சொல்லாமல் கரையோடு மேற்கே நடந்து, தடுப்பு ஒன்றும் இல்லாத சரிவில் இடுப்பளவு தண்ணீருக்குள் போய் நின்றாள். மஞ்சள் துணியை அவிழ்த்தாள். கலயத்தைச் சாய்த்தாள். சாம்பல் ஒரு கணம் அவளைச் சுற்றியே நின்று, பிறகு மெல்ல இழுபட்டு, கிழக்கே போனது. கடைசியில் எரியாமல் மிஞ்சிய எலும்புத் துண்டுகள் விழுந்தன. அவள் கலயத்தையும் விட்டாள்.

ஆனால் கரைக்குத் திரும்பவில்லை. ஆற்றின் நடுவில் இரண்டு கண்கள் மேலே வந்திருந்தன.

"நீதான் கடைசியா அவளப் பாத்த," என்று கொளஞ்சி அதனிடம் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்கிற மாதிரி, சாதாரணக் குரலில் கேட்டாள். "என்னயக் கூப்புட்டாளா?"

கண்கள் அசையவில்லை. தண்ணீர் அவள் இடுப்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

படகில் இந்தக் கரைக்குத் திரும்பியிருந்த ரெஜினா அதைப் பார்த்தாள். மூன்று வருடமாக ஊருக்கெல்லாம் சொன்னவள் அவள்தான், இந்த நேரத்தில் தண்ணீரில் கால் வைக்காதீர்கள் என்று. அந்த உடம்பு அந்தத் தூரத்தை எத்தனை சீக்கிரம் கடக்கும் என்பது அந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அது பல மாதமாக இரை எடுக்கவில்லை என்பதும் தெரியும். அவள் செருப்போடு ஆற்றில் இறங்கினாள். சத்தம் எழாமல், காலால் சேற்றைத் தடவித் தடவிப் போய், கொளஞ்சியின் இடது கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொளஞ்சி திரும்பிப் பார்க்கவில்லை. கண் அந்தக் கண்கள்மேலேயே இருந்தது.

"கூப்புட்டிருப்பாளா?"

ரெஜினாவின் வாயில் எல்லாரும் சொன்ன வார்த்தைகள் வந்து நின்றன. சொன்னால் கரைக்கு வந்துவிடுவாள். அவள் அந்த வார்த்தைகளை விழுங்கினாள்.

"தெரியாதுக்கா," என்றாள். "எனக்குத் தெரியாது."

கொளஞ்சியின் கை அவள் கையை இறுக்கியது. நகம் பதிகிற மாதிரி இறுக்கியது. நடுஆற்றில் இரண்டு கண்களும் சுழி இல்லாமல், அலை இல்லாமல் உள்ளே போயின, எங்கே போயின என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவர்கள் முதுகைக் காட்டாமல், ஒவ்வொரு அடியாக, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தபடி பின்னால் நடந்தார்கள். தண்ணீர் இடுப்பிலிருந்து தொடைக்கு வந்தது, தொடையிலிருந்து முழங்காலுக்கு வந்தது. கரையில் குதிகால் தட்டியதும் கொளஞ்சி அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்தாள். பங்குனியிலிருந்து அடக்கிவைத்திருந்தது அத்தனையும் அப்போதுதான் அவள் வயிற்றிலிருந்து கிளம்பியது. படித்துறையில் தண்ணீர் அடித்து விளையாடிக்கொண்டிருந்த பெண்கள், தூக்கிய கையைத் தூக்கியபடியே நிறுத்திவிட்டு, அந்தக் குரல் வந்த பக்கம் திரும்பினார்கள்.